புதுப்பிப்பு: 1969 நோவா டிராக் கார், ஐடிலில் வந்த கரும்புகை நின்றது

எங்கள் தேவாலய வாலிபர் குழு சீரமைத்து வரும் 1969 செவர்லே நோவா டிராக் கார் (குறுகிய நேர்த்தடத்தில் ஓடும் பந்தயக் கார்), ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) கரும்புகை கக்கி ஸ்பார்க் பிளக்குகளைக் கரியாக்குவது பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை மாற்றியதில் பயனில்லை. எங்கள் ஹோலி நிறுவனக் கார்புரேட்டரின் பவர் வால்வை (எஞ்சினுக்கு அதிக பலம் தேவைப்படும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) சோதிக்கச் சொன்ன யோசனையே பலித்தது. ஐடில் கலவைத் திருகுகளை முழுவதும் உள்ளே திருகியும் எஞ்சின் நிற்காமல் ஓடியதால், பெட்ரோல் வேறு வழியாக உள்ளே போவது உறுதியாயிற்று. அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கும் மீட்டரிங் பிளாக்கைப் பிள்ளைகளே கழற்றி, காய்ந்து ஒட்டியிருந்த கேஸ்கெட்டைப் (கசிவைத் தடுக்கும் அட்டை) பொறுமையாகச் சுரண்டி எடுத்தபோது, வால்வின் மெல்லிய டயஃப்ரம் (சவ்வு) ஓரமாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. 1992க்கு முந்தைய ஹோலிகளில் பேக்ஃபயரை (கார்புரேட்டர் வழியே பின்னோக்கி வெடிப்பது) தாங்கும் பாதுகாப்பு வால்வு கிடையாது என்பதைத் தேடி வருவோர் கவனிக்கவும்.

பழைய வால்வில் 65 என்ற எண் இருந்தது; எஞ்சினின் வேக்குவம் (உறிஞ்சும் விசை) 6.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் அது திறக்கும் என்று பொருள். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் பந்தயக் கேம்ஷாஃப்ட்டால் ஐடில் வேக்குவம் 7 அங்குலப் பாதரசம் மட்டுமே என்பதால், அதில் பாதி (3.5) என்ற கணக்கில் 35 எண் வால்வைப் பொருத்தினோம். புகை அன்றே நின்றது.

எதிர்பாராதது, இருக்கைப் பட்டைகள். தயாரிப்புத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி; எங்களுடையவை பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் காலாவதியானவை. புதியவை வரும்வரை காரை ஓடுதளத்திற்குக் கொண்டு செல்ல மாட்டோம்.