சாரணைக்கு அடித்தேன், பக்கத்துப் பருத்தி சுருண்டது

பெரம்பலூர் பக்கம், மானாவாரிக் கரிசல்:

புரட்டாசியில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். விதைத்த மூன்றாம் நாளே, களை முளைக்காமலிருக்க அட்ரசின் என்ற களைக்கொல்லி அடித்தாயிற்று. அது மண்ணில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். எனக்கு மேல்மண் காய்ந்துபோனது. அப்புறம் ஒரு நல்ல மழை. போய்ப் பார்த்தால் சால் தெரியாமல் சாரணைக் களை பாய் விரித்திருக்கிறது, நடுநடுவே தொய்யக்கீரையும் களையாக. களைவெட்டுக்கு ஆள் தேடினேன், எல்லோரும் சின்ன வெங்காய நடவுக்குப் போய்விட்டார்கள்.

கடையில் டூ ஃபோர் டி என்ற களைக்கொல்லியைக் கொடுத்தார்கள். அகல இலையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும், மக்காச்சோளமும் புல் இனம்தானே என்று கணக்கு. கணக்கில் தப்பில்லை. பத்து மணிக்கு மேல் காற்று எடுத்தது, இன்னும் நாலு டேங்க்தானே என்று நிறுத்தாமல் அடித்ததுதான் தப்பு.

வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா முறை ஒருவரின் பருத்தி. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். கொழுந்து இலையெல்லாம் கோழிக்கால் மாதிரி விரல் விரலாகக் குறுகி, நரம்பு மட்டும் தடித்து நின்றது. சாறு உறிஞ்சும் பூச்சி என்று நினைத்து அதற்கு ஒரு மருந்தும் அடித்திருக்கிறார், பாவம். நான் விஷயத்தைச் சொன்னேன். பருத்தி எடுக்கும்போது ஆள் கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஆனால் தெளிப்பானோடு என்னைக் கண்டால் இன்றைக்கும், "காத்து எந்தப் பக்கம் தம்பி?" என்பார்.

உடுமலை பக்கம்:

பக்கத்தில் பருத்தி இருந்தால் டூ ஃபோர் டி பக்கமே போகாதீர்கள் அண்ணா. நான் மக்காச்சோளத்துக்கு அடிப்பது டெம்போட்ரையோன் என்ற களைக்கொல்லிதான். ஏக்கருக்கு 115 மில்லி, அதோடு தரும் ஒட்டுத்திரவத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். விலை கூடுதல்தான். களை மூன்று நாலு இலையில் இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். பூ வைத்த களைக்கு அடிப்பது காசை வாய்க்காலில் ஊற்றுவது. சில நாளில் களையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். முதல் வருஷம் என் பயிரும் லேசாக வெளிறியதைப் பார்த்து இரண்டு ராத்திரி தூக்கமில்லை. அப்புறம் தானாகப் பச்சை கட்டிவிட்டது. கோரை மட்டும் கிழங்கிலிருந்து திரும்ப வந்தது. ஊடுபயிராகத் தட்டைப்பயறு, உளுந்து போட்டவர்கள் இதை நினைக்கவே வேண்டாம், அதுவும் அகல இலைதான்.

படைப்புழு மருந்தையும் இதோடு கலந்து ஒரே வேலையாக முடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது குருத்துக்குள் விழ வேண்டும், இது களை மேல் விழ வேண்டும். எப்படி ஒரே வேலையாகும்?

இன்னொருவர்:

டேங்கை யாரும் சொல்லவில்லையே! டூ ஃபோர் டி அடித்ததை ஒரே தண்ணீரில் அலசிவிட்டு, மறுநாள் அதிலேயே கத்தரிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். கத்தரிக் கொழுந்து முறுக்கிக்கொண்டது. இப்போது களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான், மூடியில் சிவப்பு பெயின்ட். இரவல் கேட்டு யார் வந்தாலும் அதை மட்டும் கொடுப்பதில்லை.