புதுப்பிப்பு: வன்னி வெயிலில் முகம் கறுக்காமல் எடுப்பது

உச்சி வெயில் வீடியோவுக்கு என்டி 8 பில்டர் (லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பிழை, திருத்துகிறேன். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 100, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி என்றால் தெளிந்த வெயிலுக்கு லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்க வேண்டும். பின்னணி மங்க எஃப்/4க்குத் திறந்தால் 5 ஸ்டொப் வெளிச்சம் கூடும்; ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு, ஐந்து என்றால் 32 மடங்கு. ஆகவே என்டி 32. ஷட்டரை 1/1600க்கு ஏற்றிச் சமாளிக்க வேண்டாம், நெற்கதிர் ஆடுவது வெட்டிவெட்டித் தெரியும்.

இரணைமடுக் குளக்கட்டில் வானமும் தண்ணீரும் பின்னால் நின்றால் முகம் கறுக்கும். முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை அளந்து வைத்தால் வானம் வெளுக்கும். ஆளைப் பாலைமர நிழலின் விளிம்புக்கு நகர்த்தி, பின்னணியில் காடு வரப் பாருங்கள். வெள்ளை ரெஜிபோம் தட்டை ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்தால் கண்குழி நிழல் குறையும்.

செம்மண் வீதியில் ஓட்டோ வைற் பலன்ஸ் (கமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது) கூடவே கூடாது, மண்ணின் சிவப்பையே தின்றுவிடும். பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் பூட்டுங்கள்.