அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

வடசென்னைவாசி:
காலடிப்பேட்டையில், மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். ஆறு லட்சம் அட்வான்ஸ், பேங்க் வழியாகத்தான். அக்ரிமெண்ட்டை ரிஜிஸ்டர் செய்யவில்லை. முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும். ஆறு மாதக் கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. இப்போது வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, அட்வான்ஸை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். 70 லட்சத்துக்கு வேறு ஆள் வந்திருப்பதாகத் தரகர் சொல்கிறார். எனக்கு வீடுதான் வேண்டும். வழி உண்டா?

ராயபுரம் பெரியவர்:
தம்பி, பணத்தை வாங்கிக்கொண்டு வேறு வீடு பாருங்கள். என் மைத்துனர் இப்படித்தான் கேஸ் போட்டார். ஒன்பது வருஷம், அப்புறம் அப்பீல். அதுவரை வாடகையும் கட்டி, வக்கீல் ஃபீஸும் கட்டினார். கோர்ட் ஃபீஸ்கூட அட்வான்ஸுக்கு இல்லை, முழுக் கிரய விலைக்குக் கணக்கு. அதுவும் 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் விற்பனை அக்ரிமெண்ட்டை ரிஜிஸ்டர் செய்தே ஆக வேண்டும். உங்கள் தாளை வைத்து என்ன செய்வீர்கள்?

கொருக்குப்பேட்டை:
அந்தத் தாள் செல்லாக்காசு இல்லை ஐயா. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2023-இல் உச்ச நீதிமன்றம், கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில் ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமெண்ட்டையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. முன்பெல்லாம் வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்வதா, பணத்தோடு முடிப்பதா என்பது நீதிபதியின் விருப்புரிமை. 2018 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, ஒப்பந்தம் சரியாக இருந்து வாங்குபவரும் தயாராக இருந்தால் எழுதிக் கொடுக்கத்தான் உத்தரவு. எட்டு லட்சம் கூடக் கிடைக்கிறது என்று பேச்சு மாறுபவரிடம் நாம் ஏன் தலையாட்டிவிட்டு வர வேண்டும்?

ராயபுரம் பெரியவர்:
ஆத்திரம் வேறு, சொத்து வேறு. பிள்ளைகள் என்கிறாரே, அது பூர்வீகச் சொத்தாக இருந்தால்? பங்குள்ளவர்கள் கையெழுத்துப் போடாமல் அவர்கள் பாகம் எப்படி வரும்?

வடசென்னைவாசி:
பூர்வீகம் இல்லை ஐயா. 1994-இல் அவரே சம்பாதித்து வாங்கியது. மூலப்பத்திரம் பார்த்தேன்.

கொருக்குப்பேட்டை:
அப்படியானால் பிள்ளைகள் சம்மதம் தேவையில்லை. ஆனால் சும்மா இருக்காதீர்கள். கெடு தேதியிலிருந்து வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டுதான். அதை நம்பி உட்கார்ந்தால் வீடு கை மாறிவிடும். ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமெண்ட் வில்லங்கச் சான்றிதழில் வராது. விஷயமே தெரியாமல் பணம் கொடுத்துக் கிரயம் வாங்கியவரிடமிருந்து வீட்டை மீட்க முடியாது. அதனால் அந்த 70 லட்சத்துக்காரருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ்: மீதி 56 லட்சம் தயார், எந்த நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் வருகிறீர்கள்? லோன் கடிதம், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணம் தயாராக இருந்ததை நிரூபிக்காவிட்டால் வழக்கு நிற்காது. வீடு கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ற மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே சேருங்கள்.

ராயபுரம் பெரியவர்:
நோட்டீஸ் விடுவது சரி, ஒத்துக்கொள்கிறேன். கேஸ் என்று வந்தால் மட்டும் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள் தம்பி. ஒன்பது வருஷம் கூடவே அலைந்தவன் சொல்கிறேன்.

வடசென்னைவாசி:
இப்போதுதான் பார்த்தேன். கேட்காமலே ஆறு லட்சத்தையும் என் அக்கவுண்ட்டுக்கு அனுப்பிவிட்டார். என்ன செய்ய?

கொருக்குப்பேட்டை:
அதில் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். ஏற்கவில்லை என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள். காலையில் முதல் வேலை வக்கீல்.