மறு: லேட்டன்சிக்குத் ‘தாமதம்’ போதுமா? – ‘சேர்நேரம்’ பரிந்துரை

அன்புள்ள ஐயா, அம்மா, குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வலையில் அனுப்பும் தகவல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர ஆகிற நேரம்தான் லேட்டன்சி (latency). அதற்குச் ‘சேர்நேரம்’ என்று நான் பரிந்துரைத்தபோது, ‘தாமதம்’ எல்லாருக்கும் புரிகிற சொல், புதிதாக ஒன்று எதற்கு என்று ஐயா கேட்டிருந்தீர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அது தப்பாகப் புரிகிறது என்பதால்தான் கேட்கிறேன். பஸ் தாமதம், சம்பளம் தாமதம் என்றால் குறித்த நேரத்துக்கு வரவில்லை, எங்கோ கோளாறு என்று பொருள். லேட்டன்சியில் எதுவும் பிந்தவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. கோவைக்கும் சென்னைக்கும் நடுவே 500 கிலோமீட்டர் இழை என்று வைத்துக்கொண்டால், எல்லாக் கருவியும் பழுதில்லாமல் ஓடினாலும் ஒரு வழிக்கு இரண்டரை மில்லிநொடி ஆகியே தீரும். இதற்குத் தாமதம் என்று பேர் வைத்தால், யாராவது வந்து சரிசெய்தால் போய்விடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தமிழ்வழியில் படிக்கிறவர்கள் தெருவில் இறங்கினால் மலையாளமும் பேசுவார்கள். மலையாளத்தில் ‘தாமசம்’ பிந்துவதையும் குறிக்கும், குடியிருப்பதையும் குறிக்கும். பொதி (packet, தகவலைப் பிரித்து அனுப்பும் துண்டு) திசைவிக்குள் (router, பொதிக்கு வழிகாட்டும் கருவி) தங்கியிருக்கும் நேரமே பொதியின் தாமதம் என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். வழியில் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு அது சரி. மொத்தப் பயணத்துக்கும் ஆகாது.

பட்டையகலமும் (bandwidth, ஒரு நொடியில் இணைப்பு கொள்ளும் தகவலின் அளவு) லேட்டன்சியும் வேறு என்பதை இந்த ஊரில் விளக்கப் பாடுபட வேண்டியதில்லை. ஆழியாறில் திறந்த தண்ணீர் மணக்கடவு தாண்டி மூலத்தறைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்காலில் கடைமடையைத் தொடுகிறது. வாய்க்கால் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பது ஒரு கணக்கு. முதல் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது வேறு கணக்கு. கரையை அகலப்படுத்தினாலும் தூரம் குறையாது. இந்த ‘வந்து சேரும்’ என்பதிலிருந்துதான் சேர்நேரம் என்ற சொல்லை எடுத்தேன். ஒரு பொதி புறப்பட்டதிலிருந்து போய்ச் சேரும் வரை ஆகிற மொத்த நேரம் அது. குறையும் சொல்லாது, புகழும் சொல்லாது.

செயற்கைக்கோள் இணைப்பை வைத்துப் பாருங்கள். 2004-இல் ஏவப்பட்ட எஜுசாட் என்ற கல்விச் செயற்கைக்கோளைக் கொண்டுதான் கேரளத்தில் விக்டர்ஸ் கல்வி ஒளிபரப்பு 2005-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட கோள் பூமத்தியரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். அதன் வழியே ஒரு கேள்வி மேலே போய்க் கீழே வந்து, அதற்குப் பதிலும் மேலே போய்க் கீழே வர, பயணத்துக்கு மட்டும் ஏறக்குறைய அரை நொடி. பட்டையகலத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்த அரை நொடியில் துளியும் குறையாது. ‘நெட் ஸ்பீடு’ என்று ஒரே பேச்சாகப் பேசிவிட்டால் இந்த வேறுபாடே மறைந்துபோகிறது.

சேர்நேரத்துக்குள் நான்கு கூறுகள் இருக்கின்றன. தலைச்சொல் உறுதியானால் அவற்றின் பெயர்கள் தாமாக வந்து அமையும். தூரத்தைக் கடப்பதற்குக் கடப்புநேரம். பொதியின் பிட்டுகளை ஒவ்வொன்றாக இணைப்பில் ஏற்றி முடிப்பதற்கு ஏற்றுநேரம். 1500 பைட் பொதி என்றால் 12,000 பிட், நொடிக்கு 10 மெகாபிட் (ஒரு கோடி பிட்) இணைப்பில் 1.2 மில்லிநொடி, 100 மெகாபிட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு. பட்டையகலத்தால் நேரடியாகக் குறைவது இந்த ஒரு கூறுதான். திசைவி முகவரியைப் பார்த்து வழி தீர்மானிக்க ஆய்நேரம். முன்னால் நிற்கும் பொதிகள் போகும்வரை காத்திருப்பு நேரம்.

ஆளைப் படுத்துவது கடைசியில் சொன்னதுதான். பிங் (ping) கட்டளை ஒரு சிறு பொதியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும். கணினி அறையில் அதை ஓடவிட்டு எண்களைப் படிக்கச் சொன்னேன். 14, 15, 14 என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒருத்தன் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றத் தொடங்கியதும் 60, 130, 190 என்று ஏறிற்று. இழை நீளவில்லை, ஒளியும் மெதுவாகவில்லை. வெளியேறும் இடத்தில் வரிசை நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அவன் நிறுத்தியதும் பழையபடி 14. அம்மா முன்வைத்த ‘சுணக்கம்’ என்ற நல்ல சொல் பொருந்துவது இந்த ஏற்றத்துக்குத்தான் என்பது என் எண்ணம். நெரிசலால் கூடிய நேரத்தைச் சுணக்கம் என்போம். 14 மில்லிநொடி சுணக்கமில்லை. பிங் காட்டுவது இருவழிக்கும் சேர்த்து என்பதால் அதற்குப் போய்வரு நேரம்.

‘செல்நேரம்’ சுருக்கமாக இருக்கிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எழுத்தில் அழகுதான். ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் செல்போன் பார்க்கிற நேரம் என்றே காதில் விழுகிறது. சேர்நேரம் பொதிக்குப் பொதி ஏறி இறங்குவதைச் சொல்லும் ஜிட்டருக்கு (jitter) ‘நடுக்கம்’ வேண்டாம், சேர்நேர அலைவு போதும். அதைத் தனி மடலில் பேசலாம்.

ஆய்நேரம் மட்டும் எனக்கு முழு நிறைவு தரவில்லை, ‘ஆய்வு’ என்றாலே ஆராய்ச்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள் ஐயா. மற்றவற்றைப் பதினொன்றாம் வகுப்புப் பயிற்சித்தாளில் இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன்.