Re: கோஹீசினுக்குத் தமிழ் என்ன?

> கோஹீசின் = ஒட்டுப்புரதம். எளிது, மாணவருக்கும் புரியும்.

எளிதுதான் ஐயா. செல் பிரியும்வரை குரோமோசோமின் இரு நகல்களையும் சேர்த்துப் பிடிக்கும் புரதத் தொகுதிதான் கோஹீசின். ஆனால் அது ஒட்டுவதே இல்லையே! எஸ்எம்சி1, எஸ்எம்சி3, ராட்21 என்ற மூன்று புரதங்களும் கைகோத்து வளையமாகின்றன. நான்காவதான ஸ்டாக், ராட்21 மேல் தொற்றிக்கொள்கிறது. டிஎன்ஏ இரட்டித்த பின் அந்த இரு நகல்களும், அதாவது சகோதரிக் குரோமேட்டிடுகள், அந்த வளையத்துக்குள் கிடக்கும். பசை எங்குமில்லை. பிரியும் வேளை வந்ததும் செப்பரேஸ் நொதி ராட்21-ஐ வெட்டும். வளையம் திறக்க, குரோமேட்டிடுகள் செல்லின் ஆளுக்கொரு துருவத்துக்குப் போகும்.

எங்கள் ஊர்ப் பனையேறிகள் மரத்தடியில் நின்று தளைநாரை இரு பாதங்களிலும் மாட்டி, ஒருமுறை விரித்துப் பார்ப்பார்கள். கால் விலகாது; ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. அதனால் என் முன்மொழிவு 'தளைவளையம்'. செப்பரேஸ் 'தளையறுப்பி'. யாப்பிலும் சீரோடு சீரைக் கட்டுவது தளைதானே? குரோமோசோம் பங்கீடு பிசகினால் 'தளைதட்டியது' என்றே எழுதலாம். (பாதி விளையாட்டு, பாதி நிஜம்.)

அப்புறம், இப்படிப் பல புரதங்கள் சேர்ந்த தொகுதிக்கு (protein complex) 'புரதச் சிக்கல்' வேண்டவே வேண்டாம். புரதத்துக்கு ஏதோ பிரச்சினை போலிருக்கிறது. வேதியியலில் அணைவுச் சேர்மம் என்கிறோம். இதைப் 'புரத அணைவு' என்றால் போதும்.

———

> என் முன்மொழிவு 'தளைவளையம்'

அக்கா, தளை என்றதும் விலங்குதான் எனக்கு நினைவு வருகிறது. போகட்டும், பெரிய தடை வேறு. கார்னீலியா டி லாங்கே நோய்க்குறியை எடுங்கள். வளையத்தை டிஎன்ஏவில் மாட்டிவிடும் என்ஐபிபிஎல் புரதத்தின் மரபணுவில் பிறழ்வு இருப்பதை 2004இல் கண்டார்கள். அந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே சிறுத்திருப்பார்கள், வளர்ச்சியும் குன்றும். ஆனால் அவர்களுடைய செல்களில் குரோமேட்டிடுகள் பெரும்பாலும் ஒழுங்காகவே இணைந்திருக்கின்றன! பழுது வளையத்தின் இன்னொரு வேலையில்: டிஎன்ஏவைக் கண்ணி கண்ணியாக மடித்து, எந்த மரபணு எப்போது இயங்க வேண்டுமென்று ஒழுங்குபடுத்துவதில். அங்கே எதை எதோடு தளைக்கிறது?

———

> அங்கே எதை எதோடு தளைக்கிறது?

மடக்கிவிட்டாய் தம்பி. செல் பகுப்பை மட்டும் மனத்தில் வைத்துப் பெயர் சூட்டியது என் பிழை. கோஹீசின் என்ற பெயரிலும் அதே குறைதான். 1997இல் அதைக் கண்டவர்கள் பார்த்ததும் பிணைப்பைத்தான். ஆனால் கண்ணி போடுவதும் அதே வளையம்தானே? கட்டுரையில் 'கோஹீசின் வளையம்' என்று மாற்றிவிடுகிறேன்.

தளையறுப்பியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.