12–11: அந்த ஒரு புள்ளி தென்னாப்பிரிக்கா சம்பாதித்ததா, தானாகக் கிடைத்ததா?

சொல்தா பேரன் (கருவடிக்குப்பம், புதுச்சேரி)

ஞாயிறு விடியற்காலை இரண்டரை மணிக்கு டிவியை அணைத்தேன். இன்னும் மனம் ஆறவில்லை. பாரிஸில் நடந்த ஆண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. 1995, 2007, 2019, இப்போது 2023 என்று நான்காவது முறையாகக் கோப்பை அவர்களுக்கு. வேறு எந்த நாடும் நான்கு முறை வென்றதில்லை.

எங்கள் வீட்டுக்கு ரக்பி வந்தது தாத்தா வழியாக. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் இன்றும் அவர் 'சொல்தா', நான் சொல்தா பேரன். பிரான்ஸ் காலிறுதியிலேயே இதே தென்னாப்பிரிக்காவிடம் 28–29 என்று தோற்றது. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். காலிறுதி 29–28. அரையிறுதியில் இங்கிலாந்துடன் 16–15. இறுதியில் 12–11. மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து மூன்றே புள்ளி.

அதுவும் இறுதிப் போட்டியில் அவர்கள் ஒரு டிரைகூட (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போடவில்லை. பன்னிரண்டு புள்ளியும் ஹாண்ட்ரே பொல்லார்ட் அடித்த நான்கு பெனால்ட்டிகள் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் 3 புள்ளி உதை). இடைவேளைக்குப் பிறகு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நியூசிலாந்து ஐம்பது நிமிடத்துக்கும் மேல் ஓர் ஆள் குறைவாக ஆடி, அந்த ஆட்டத்தின் ஒரே டிரையைப் போட்டது. பந்தை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுவதற்குத்தானே இந்த விளையாட்டு? அதைச் செய்தவன் தோற்றான், செய்யாதவன் கோப்பையைத் தூக்கினான். இதை எப்படி உரிய வெற்றி என்பது?

சில்வர் பீச் (தேவனாம்பட்டினம், கடலூர்)

தம்பி, நானும் முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

மூன்றாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். நியூசிலாந்தின் ஷானன் ஃபிரிசெல் மேலே விழுந்து போங்கி எம்போனாம்பி காலில் அடிபட்டு வெளியே போனார். ஸ்க்ரம்மின் (இரு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளுவது) நடுவில் நிற்பதும் லைன்அவுட்டில் (ஓரக்கோட்டிலிருந்து ஆட்டத்துக்குள் பந்தை எறிவது) பந்து எறிவதும் ஹூக்கர் வேலை. அந்த அணியில் முழுநேர ஹூக்கர் என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். ஏன் ஒருவர்? மால்கம் மார்க்ஸ் காயத்தில் ஊருக்குப் போனபோது, அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரைக் கூப்பிடாமல் பொல்லார்டைக் கூப்பிட்டார்கள். அது ஏன் என்பது சில நாளிலேயே தெரிந்தது. லீக் சுற்றில் அயர்லாந்திடம் 8–13 என்று தோற்ற ஆட்டத்தில், உதைத்துத் தவறவிட்ட புள்ளிகள் மட்டும் பதினொன்று. கோலுக்கு உதைக்கிற கால் இல்லாமல் கோப்பை வராது என்று அதற்கு முன்பே துணிந்து அந்த முடிவை எடுத்திருந்தார்கள்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் கொடுத்தார்கள். இறுதிப் போட்டியில் 37 வயது டியோன் ஃபூரி, வழக்கமாக வேறு இடத்தில் ஆடுகிறவர், எழுபத்தைந்து நிமிடத்துக்கும் மேல் ஹூக்கராக நின்றார். லைன்அவுட்டில் பந்து பலமுறை எதிரிக்குப் போனது. அப்படியும் தாங்கினார்கள். பீட்டர்–ஸ்டெஃப் டு டாய்ட் ஒருவரே 28 டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பது) செய்தார். அவர் ஓடுகிறவனைத் தேடிப் போய் இடுப்பில் அடித்துச் சாய்த்ததைப் பார்த்த பிறகும், கோப்பை தானாகக் கிடைத்தது என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

மஞ்சக்குப்பம்

நான் முதல்முறையாக முழு ரக்பி ஆட்டம் பார்த்தவன். அன்றைக்கு ஐப்பசிப் பௌர்ணமி, சந்திர கிரகணம். 1.05க்குக் கிரகணம் பிடிக்கும், அதற்குள் சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு முடி என்று பாட்டி சொல்லிவிட்டார். பாதி ஆட்டம் முடிகிற நேரத்திலிருந்து கடைசி வரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் மாடிக்கு ஓடி நிலாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு சந்தேகம். நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டார், அரங்கமே எழுந்து நின்றது. அப்புறம் ஏன் ரத்து செய்தார்கள்? இன்னொன்று, போடன் பேரட் போட்ட டிரைக்குப் பிறகு அந்த உதையை ஏன் அவ்வளவு ஓரத்தில் இருந்து அடித்தார்கள்?

நெய்வேலி கறுப்புச் சட்டை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது எளிது. டிரைக்கு 5 புள்ளி. அதற்குப் பிறகு உதைத்தால் கூடுதல் 2. ஆனால் பந்தைத் தரையில் வைத்த இடத்துக்கு நேர்கோட்டில் நின்றுதான் உதைக்க வேண்டும். பேரட் இடது ஓரத்தில் வைத்தார். அதனால் ரிச்சி மொவுங்கா ஓரத்தில் இருந்து உதைத்தார். உள்ளே போயிருந்தால் 13–12. போகவில்லை.

முதலாவதுதான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. லைன்அவுட்டில் நியூசிலாந்தின் ஆர்டி சவேயா கையில் பட்டுப் பந்து முன்னால் போனது. உண்மை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்டம் பல கட்டம் (ஓர் ஆளைச் சாய்த்து மறுபடி பந்து வெளியே வரும்வரை ஒரு கட்டம்) நகர்ந்த பிறகுதான் ஸ்மித் டிரை போட்டார். இந்த மாதிரிச் சின்னத் தவறுக்கு வீடியோ நடுவர் இரண்டு கட்டம் மட்டுமே பின்னால் போய்ப் பார்க்கலாம் என்பது விதி. அவர் அதைத் தாண்டிப் போனார். களத்தில் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் டிரை என்று கொடுத்ததை மேலே இருந்து பிடுங்கிவிட்டார்கள்.

நியூசிலாந்தின் சாம் கேனுக்கு 27வது நிமிடத்தில் மஞ்சள் அட்டை (பத்து நிமிடம் வெளியே), பிறகு அது சிவப்பானது (ஆட்டம் முடியும்வரை வெளியே). ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் எங்கள் கேப்டன். இடைவேளை முடிந்து சில நிமிடத்தில் அவர்கள் கேப்டன் சியா கோலிசியும் சவேயாவின் தலையில் மோதினார். அவருக்கு மஞ்சளோடு முடிந்தது. ஒரே ஆட்டம், இரண்டு கேப்டன், இரண்டு தலை மோதல், இரண்டு நீதி. 14 பேராக ஆடியதைவிட இதுதான் வலிக்கிறது.

குருசுக்குப்பம் அக்கா

நான் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறவள். ரக்பியில் எனக்குப் பிடித்தது பிடிக்கிற கலைதான், அதனால் எழுதுகிறேன்.

நெய்வேலித் தம்பி, இரண்டு மோதலையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கேன் நிமிர்ந்து நின்றபடியே ஜெஸ்ஸி கிரியலின் தலையில் மோதினார், இடுப்பு வளையவே இல்லை. கோலிசியின் மோதலில் அந்த வேகம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருவது, குனியாமல் பிடிக்கப் போகாதே என்பதுதான். தப்பாகப் போனால் பிடிக்கப்படுகிறவளுக்குக் கழுத்துப் போய்விடும். அந்தச் சிவப்பு அட்டை சரி. ரத்தான டிரை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

சொல்தா பேரனுக்கு ஒரு கேள்வி. மூன்று வாரத்துக்கு முன், அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி இறுதி. பவன் செராவத் பாடிப் போன ஒரு ரெய்டில் பழைய விதியா புதிய விதியா என்று சண்டை வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் ஈரானை 33–29 என்று வென்று தங்கம் வாங்கினோம். அந்தத் தங்கத்தை யாராவது திருப்பிக் கொடுக்கச் சொன்னோமா? அந்த நாலு புள்ளியைக் காப்பாற்ற நம் பையன்கள் காலைக் கட்டிப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

இன்னொன்று. பாடிப் போய்த் தொட்டு வருபவனுக்குத்தான் கைதட்டல், ஆனால் ஆட்டத்தை வெல்வது பிடிக்கிறவர்கள். பேரட் டிரை போட்டது 58வது நிமிடம். அதற்குப் பிறகு 22 நிமிடம் நியூசிலாந்துக்கு ஒரே ஒரு பெனால்ட்டி உள்ளே போயிருந்தால் போதும். இடைவேளைக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஒன்றுமே எடுக்கவில்லை என்கிறீர்கள். ஒன்றையும் கொடுக்காமல் அந்த 22 நிமிடம் நின்றார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சொல்தா பேரன்

அக்கா, ஹாங்சோவைச் சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள். அந்த ஆட்டத்தை நானும் கத்திக்கொண்டுதான் பார்த்தேன். சரி, பிடிப்பதும் ஆட்டம்தான், அதை ஏற்கிறேன்.

ஆனால் காலிறுதி வேறு கதை. பிரான்ஸின் தோமா ராமோஸ் கன்வர்ஷன் (டிரைக்குப் பிறகு வரும் அந்தக் கூடுதல் உதை) உதைக்கத் தயாராகிறார். செஸ்லின் கோல்பே கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தடுத்துவிட்டார். அது 2 புள்ளி. நாங்கள் தோற்றது 1 புள்ளியில். உதைப்பவர் நகரத் தொடங்கினால்தான் எதிரணி ஓடலாம். ராமோஸ் உடம்பை லேசாக முன்னால் சாய்த்தார், அவ்வளவுதான். அது ஓட்டமா? ஆட்டம் முடிந்ததும் எங்கள் கேப்டன் அந்துவான் துப்போனே நடுவரைக் குறை சொன்னார். கன்ன எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆட வந்தவர் அவர். அந்த மனிதர் சும்மா புலம்புவாரா?

தாத்தா அன்றைக்கு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

சில்வர் பீச்

தாத்தா நிலைமை புரிகிறது தம்பி. எனக்கும் அந்த இரவு தூக்கம் இல்லை, காரணம் மட்டும் வேறு.

கோல்பே பாய்ந்தது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. அவர் துலூஸ் அணியில் பல வருடம் ராமோஸோடு சேர்ந்து ஆடியவர். ராமோஸ் எப்போது சாய்வார், எப்போது மூச்சை இழுப்பார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ரக்பியில் நூறில் தொண்ணூற்றொன்பது பேர் கன்வர்ஷனைத் தடுக்க ஓடுவது கடமைக்கு. இவர் மட்டும் கிடைக்கும் என்று நம்பி ஓடினார். கொஞ்சம் முன்னாடி கிளம்பினாரா என்று கேட்டால், நானும் இருபது தடவை பார்த்துவிட்டேன், எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

ஒரு புள்ளியில் வெல்வது அவர்களுக்குப் பழக்கமான வேலை. அரையிறுதியில் இங்கிலாந்து 15–6 என்று முன்னால் இருந்தது. மழை, பந்து கையில் நிற்கவில்லை. அப்புறம் ஸ்னைமன் ஒரு டிரை போட்டார். கடைசி மூன்று நிமிடத்துக்குள் ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்தில் இருந்து பொல்லார்ட் உதைத்தார், உள்ளே போனது. ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மூன்று நாக்-அவுட் ஆட்டத்திலும் அவர்களுக்கு மட்டும் நடந்தது. இதில் பயிற்சியையும் நெஞ்சுறுதியையும் பார்க்கிறேன்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள்தான் சேப்பாக்கத்தில் அதே நாட்டுக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை ஒரே விக்கெட்டில் வென்றது. கடைசி ஜோடி நிற்கும்போது ஷம்சிக்கு எல்பிடபிள்யூ கேட்டார்கள், 'அம்பயர்ஸ் கால்' என்று தப்பித்தார். அது அநியாயம் என்றும் அன்றிரவு பலர் சொன்னார்கள். சேப்பாக்கமே மகாராஜின் கடைசி பவுண்டரிக்கு எழுந்து நின்றது. நான் அங்கே இருந்தேன்.

நெய்வேலி கறுப்புச் சட்டை

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 73வது நிமிடத்தில் கோல்பே பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கினார். சட்டையை முகத்தில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போது. ஜோர்டி பேரட்டுக்குப் பெனால்ட்டி. தூரம் அதிகம், பாதிக் களத்தை ஒட்டி. போடக்கூடிய ஆள்தான் அவர். வலது பக்கமாக விலகிப் போனது. மொவுங்காவின் உதை, ஜோர்டியின் உதை, இரண்டும் எங்கள் காலில் இருந்தன. அதற்கு நான் எந்த நடுவரையும் திட்ட மாட்டேன்.

ஆரன் ஸ்மித்துக்கு அது நியூசிலாந்துக்காகக் கடைசி ஆட்டம். அந்த டிரை விதிப்படி நின்றிருக்க வேண்டும். இதில் இறங்கி வர மாட்டேன்.

மஞ்சக்குப்பம்

ஆக, டிரை போட்ட அணி தோற்றதற்குக் காரணம் அந்த இரண்டு உதை. பொல்லார்ட் நான்கும் போட்டார், இவர்கள் இரண்டைத் தவறவிட்டார்கள். இப்போதுதான் எனக்கு ஆட்டம் பிடிபடுகிறது. மறுபடி முழுசாகப் பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை காபியோடு.

சொல்தா பேரன்

நேற்று இரவு தாத்தாவுக்கு இந்த விவாதத்தை வாசித்துக் காட்டினேன். குருசுக்குப்பம் அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். டு டாய்ட் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

நான் தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. இறுதிப் போட்டியை விட்டுக்கொடுக்கிறேன், அந்தப் புள்ளியை அவர்கள் சம்பாதித்தார்கள். காலிறுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். கோல்பே முன்னாடியே கிளம்பினார்.

சில்வர் பீச்

சரி தம்பி. நவம்பர் 11ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், பாண்டி வருகிறேன். முதல் உலகப் போர் முடிந்த நாள் என்பதால் அன்றைக்குக் காலை கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குத் தாத்தா மெடல் குத்திக்கொண்டு வருவார்தானே? மரியாதை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கே போவோம். லேப்டாப் நான் கொண்டுவருகிறேன். ராமோஸ் சாய்கிற இடத்தில் நிறுத்தி, கோல்பேயின் கால் கோட்டில் இருக்கிறதா என்று தாத்தாவே பார்த்துச் சொல்லட்டும்.