நரம்பு கைவிட்ட நேரம்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

வைகைக்கரை:
பெல்ஸ் பால்சி, அதாவது முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோவது, வந்தவர் வீட்டில் இருந்தால் புரியும். அப்பாவுக்குக் காலையில் காபி வாயோரம் வழிந்தது, முகம் வலப்பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம் என்றே அலறியடித்து ஓடினோம். டியூட்டி டாக்டர், "ஐயா, புருவத்தைத் தூக்குங்க" என்றார். இடது நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை. கண்ணை மூடச் சொன்னால் இமை திறந்தே இருக்க, கருவிழி மட்டும் மேலே ஏறி வெள்ளை தெரிந்தது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வரும், மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். இது முகத்தை அசைக்கும் ஏழாவது கபால நரம்பில் வந்த கோளாறு என்றார். ஸ்டீராய்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, முகம் நேராகிவிட்டது. மனதைக் குடைவது வேறு. இன்றும் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கண்ணில் மட்டும் நீர் வழிகிறது. எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை, திரும்ப வளரும்போது கண்ணீர்ச் சுரப்பிக்குத் தடம் மாறிவிட்டதாம். எதிரில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

ரெண்டு பிள்ளைக்காரி:
எனக்கு சிசேரியன். முதுகில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கால் சூடானது, அப்புறம் கால் இருப்பதே தெரியவில்லை. வயிற்றுக்குள் யாரோ கைவிட்டு அலசுவது நன்றாகத் தெரிகிறது, வலி மட்டும் இல்லை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெலிசு, மருந்துக்குச் சீக்கிரம் அடங்கிவிடும் என்று மயக்க டாக்டர் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்டில் என் கை ஒரு தொடைமேல் பட்டது. வேறு யாருடைய காலோ என்று பதறிக் கையை எடுத்தேன். என்னுடையதுதான்.

கொங்குத்தமிழன்:
அந்த ஊசிதான் வினையே. என் தங்கை பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், அவளுக்கு இன்னும் இடுப்பு வலி. தண்டுவடத்தில் குத்தினால் வேறென்ன ஆகும்?

தியேட்டர் சிஸ்டர்:
கொங்குத்தமிழன் சார், தண்டுவடத்தில் யாரும் குத்துவதில்லை. பெரியவர்களுக்கு அது முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே, பொதுவாக மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான், முனை பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சிலருக்குத் தலைவலி வரும், உண்மை. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்குப் பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது என்று வேறு காரணங்கள் உண்டு. முதுகை வளைக்க மாட்டேன் என்று விறைத்து உட்கார்ந்த ஒரு பெண், என் தோளில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த பயம் அது.

பழைய மாம்பலம்:
தாத்தாவுக்குத் தொழுநோய். கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கினார். தோல் சட்டியில் ஒட்டிக்கொண்டது. "உப்பு பார்த்தியா?" என்று பாட்டியைக் கேட்டார்.

விரல் போவது உணர்ச்சி செத்த இடத்தில் படும் காயத்தால்தான் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். சர்க்கரைக்காரர்களே, உங்களுக்கும் இதே கதைதான். முதுகடியிலிருந்து பாதம் வரை ஒரே செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது; நீளமானதுதான் முதலில் அடிபடும், அதனால்தான் பாதத்தில் மரத்துப்போகிறது. தினம் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். வெந்நீரைக் காலால் பார்க்காதீர்கள், உணர்ச்சி உள்ள வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், சாமி கோவிச்சுக்காது. வருஷம் ஒருமுறை நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மில்காலனி:
மாமாவுக்கு மெஷினில் இடது கை போச்சு. இல்லாத கையின் விரல்கள் மடங்கிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்று ராத்திரியில் கத்துவார். நடிக்கிறார் என்று வீட்டிலேயே சொன்னவர்கள் உண்டு. கை போனாலும் மூளையில் அந்தக் கைக்கான இடம் அப்படியே இருக்கிறதே! பிசியோ செய்யும் பெண் நடுவில் கண்ணாடியை நிறுத்தி வலது கையை விரிக்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் இடது கை விரிந்தது. "விட்ருச்சுடா" என்றார் மாமா. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. ஆனால் கண்ணாடியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப மடங்கிக்கொள்கிறது. தொடர்ந்து செய்து வலி நின்றவர்கள் இருந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.